மஞ்சள் தண்ணீருக்கு இரும்பு: அன்னபேதி, லேத் சீவல், கந்தகம் ஏற்றிய தூள்

சித்தூர் பக்கமிருந்து இறங்கி வரும் பொன்னை ஆறு பாலாற்றில் கலக்கும் இந்த எல்லைப் பகுதியில், "குரோம் தண்ணி" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கசடு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் குவிந்ததும், மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்ததும் ஊரறிந்த சங்கதி. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. இந்த மஞ்சளை எடுக்க இரும்பு உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. உதவும், நன்றாகவே உதவும். ஆனால் இரும்பு குரோமியத்தை ஒழிப்பதில்லை. அதன் வடிவத்தை மாற்றிப் பூட்டி வைக்கிறது, அவ்வளவுதான். பூட்டு எப்போது திறந்துகொள்ளும், பூட்டியதை எங்கே வைப்பது என்பதற்கும் சேர்த்து விடை வைத்துக்கொண்டு இறங்கினால்தான் வேலை முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டேனரியில் தோல் பதனிடப் போடுவது குரோமியம் சல்பேட். அதில் இருப்பது குரோமியம்-3, அதாவது மூன்று எலெக்ட்ரான் இழந்த குரோமியம். அதன் கழிவுநீர் பச்சை கலந்த நீலமாக இருக்கும். சுண்ணாம்போ மெக்னீசியம் ஆக்சைடோ போட்டு பி.எச்.-ஐ (அமில-காரத் தன்மையின் அளவு, 7 என்றால் நடுநிலை) 8-க்கு மேல் ஏற்றினால் பெரும்பகுதி சேறாக இறங்கிவிடும். அதற்கு இரும்பு தேவையில்லை. குரோமேட் ஆலைக் கசிவிலும் முலாம் பூசும் பட்டறைக் கழிவிலும் இருப்பது குரோமியம்-6. அது எந்தச் சுண்ணாம்புக்கும் மசியாது, எந்த பி.எச். ஆனாலும் கரைந்தே இருக்கும், நிலத்தடியில் தண்ணீரோடு தண்ணீராக ஓடும். புற்றுநோய் உண்டாக்குவதும் இதுதான். இரும்பின் வேலை இங்கேதான்: தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களைக் கொடுத்து குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்குகிறது. மூன்றானதும் அது இரும்புத் துருவோடு சேர்ந்து படிந்துவிடும்.

கிணற்று நீரில் மஞ்சள் தெரிகிறதென்றால் குரோமியம்-6 குடிநீர் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது என்று பொருள். மஞ்சள் தெரியவில்லை என்பதால் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. அந்த அளவில் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

கண்ணை நம்ப முடியாத இடத்தில் டைஃபினைல்கார்பசைடு சோதனையை நம்பலாம். கால் கிராம் தூளை 50 மி.லி. அசிட்டோனில் கரைத்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். கரைசல் நிறம் மாறிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். வடிகட்டிய தண்ணீர் 100 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச்.-ஐ இரண்டுக்குக் கீழே இறக்கி, இந்தக் கரைசலை 2 மி.லி. சேர்த்துக் கலக்கினால், ஐந்து பத்து நிமிடத்தில் நிறம் ஏறும். லிட்டருக்கு ஒரு மி.கி. இருந்தால் நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா. 0.05 அளவில் லேசான ரோஜா நிறம்தான். வெள்ளைத் தாளின் மேல் நெஸ்லர் குழாயை (நிறம் ஒப்பிட உதவும் தட்டையடிக் கண்ணாடிக் குழாய்) நிறுத்தி மேலிருந்து கீழாகப் பார்த்து, பக்கத்தில் வெறும் காய்ச்சி வடித்த நீருக்கும் அதே கரைசல் விட்டு ஒப்பிட்டால்தான் பிடிபடும். நிறமானி இருந்தால் 540 நானோமீட்டரில் அளக்கலாம். மாதிரியை அமிலம் ஊற்றிப் பாதுகாத்து வைக்கக் கூடாது. அமிலத்தில் ஆறு தானாகவே மூன்றாகக் குறைந்து, பொய்யான நல்ல செய்தி சொல்லும். அன்றைக்கே சோதித்துவிட வேண்டும். இரும்பு லிட்டருக்கு ஒரு மி.கி.-க்கு மேல் இருந்தால் அதன் மஞ்சள் குறுக்கே வரும். இரும்பு வழியாக வந்த தண்ணீரைச் சோதிப்பவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

இரும்பு வைத்தியத்தில் பழையது அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் பச்சைப் படிகமாகக் கிடைக்கும் அதே ஃபெரஸ் சல்பேட்தான். மொத்தமாக வாங்க ரசாயனக் கடைக்குப் போக வேண்டும். கணக்கு எளியது. ஒரு குரோமியம் அணுவுக்கு மூன்று எலெக்ட்ரான் வேண்டும், ஃபெரஸ் இரும்பு ஒன்றுதான் கொடுக்கும். ஆகவே ஒரு கிராம் குரோமியம்-6-க்கு 3.2 கிராம் இரும்பு, படிகக் கணக்கில் 16 கிராம் அன்னபேதி. லிட்டருக்கு 5 மி.கி. உள்ள ஆயிரம் லிட்டர் தொட்டியில் 5 கிராம் குரோமியம் இருக்கும். காகிதக் கணக்குப்படி 80 கிராம் போதும். நடைமுறையில் ஒன்றரை மடங்கு, 120 கிராம் வேண்டும். கூடுதல் ஏனென்றால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் அன்னபேதியைத் தின்னும். ஒரு மி.கி. ஆக்சிஜன் 7 மி.கி. ஃபெரஸ் இரும்பை வீணாக்கும். பி.எச். ஏழுக்குப் பக்கத்தில் குரோமியம் ஆக்சிஜனை முந்திக்கொள்ளும் என்பதால் தப்பிக்கிறோம். எட்டைத் தாண்டினால் ஆக்சிஜன் சில நிமிடங்களில் இரும்பைத் துருவாக்கிவிடும், குரோமியம் அப்படியே நிற்கும். ஆகையால் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் பி.எச். 6.5-லிருந்து 7, பிறகு அன்னபேதி, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கல், டைஃபினைல் சோதனையில் ஊதா வராததை உறுதி செய்தபின்தான் தெளிந்த சுண்ணாம்பு நீர் விட்டு 8-லிருந்து 8.5, காற்று அடித்தல், ஒரு இரவு தெளிய விடுதல், மணல் வடிகட்டி. சுண்ணாம்பை முதலில் கொட்டிவிட்டு "அன்னபேதி வேலை செய்யலை சார்" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அந்தத் தொட்டியின் அடியில் ஐந்தாறு லிட்டர் செங்காவிச் சேறு தங்கும். காய்ந்தால் 60 கிராம்கூட வராது. ஆனால் குரோமியம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. தோட்டத்தில் கொட்டக் கூடாது. இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

அன்னபேதியை அளந்து அளந்து போட வேண்டும். உலோக இரும்பு அப்படியல்ல. படுகையாகப் போட்டுவிட்டால் தண்ணீர் கடந்து போகும்போதே வேலை நடக்கும். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும் சீவல் இதற்கு ஏற்றது. எல்லாச் சீவலும் ஆகாது. வார்ப்பிரும்புச் சீவல் முதல் தரம். அதை எண்ணெய் விடாமல் உலர்வாகவே கடைவார்கள் என்பதால் பிசுக்கு இருக்காது, பொடிப்பொடியாக உதிரும், உள்ளே இருக்கும் கிராஃபைட் துகள்கள் மின்கலத்தின் மறுமுனை போல வேலை செய்து இரும்பின் கரைவைத் தூண்டும். சுருள் சுருளாக வரும் எஃகுச் சீவலில் வெட்டு எண்ணெய் ஊறியிருக்கும். அதன் மேல் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் சீவலைக் கலந்துவிடவே கூடாது. அதில் குரோமியம் சேர்ந்தே இருக்கிறது, துருவும் பிடிக்காது. கையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு சோதித்தால் பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் விலகிவிடும். துத்தநாகம் பூசிய தகட்டுத் துண்டுகளும் வேண்டாம்.

சீவலை 0.5-லிருந்து 2 மி.மீ. வரை சலித்து, சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் இரண்டு முறை கழுவி, இரண்டு சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருபது நிமிடம் ஊற வைத்தால் மேல் துரு போய்ச் சாம்பல் பளபளப்பு வரும். அமிலம் போகும்வரை அலசி, ஈரம் காயும் முன்பே படுகையில் அடைக்க வேண்டும். கழுவி வெயிலில் ஒரு நாள் விட்டால் செம்மண் நிறத்துக்குத் திரும்பியிருக்கும், பாடுபட்டது வீண். அமில ஊறலின்போது ஹைட்ரஜன் வரும். மூடிய அறையில் செய்யக் கூடாது, அருகில் பீடி நெருப்புகூட ஆகாது.

சோதனைப் படுகைக்கு உள்விட்டம் 5 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாய் போதும். அடியிலும் மேலும் ஐந்து செ.மீ. பொடி ஜல்லி, நடுவில் 60 செ.மீ. சீவலும் ஆற்று மணலும் கொள்ளளவில் சரிபாதி. படுகையின் கொள்ளளவு சுமார் 1.2 லிட்டர். அரை மணி நேரத் தொடர்பு கிடைக்க நிமிடத்துக்கு 40 மி.லி., அதாவது ஒரு நாளைக்கு 57 லிட்டர் ஓட்ட வேண்டும். தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். மேலிருந்து இறக்கினால் ஹைட்ரஜன் குமிழிகள் படுகைக்குள் சிக்கி, தண்ணீர் ஓரமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும்; பாதி இரும்பைத் தொடாது. முதல் பத்து படுகை அளவுத் தண்ணீர் கறுப்பாக வரும், கொட்டிவிடலாம். வெளியே வரும் நீரில் கரைந்த இரும்பு இருக்கும் என்பதால், அடுத்து ஒரு அடி உயரத்திலிருந்து விழ வைத்துக் காற்றோட்டமும் ஒரு மணல் வடிகட்டியும் கட்டாயம். இதை விட்டுவிட்டு "துரு நாத்தம் அடிக்குது" என்று படுகையையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இரண்டு மாதம் அழகாக ஓடிய படுகை திடீரென்று அடைத்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. இரும்பு துருவானால் கொள்ளளவு இரண்டிலிருந்து நாலு மடங்கு வீங்கும். தனி இரும்பாக அடைத்த படுகை செங்கல்லாக இறுகிவிடும். மணலைப் பாதி கலப்பது சிக்கனத்துக்காக அல்ல, வீங்க இடம் விடுவதற்காக. இன்னொரு எதிரி நம் பாலாற்றங்கரைக் கடினநீர். இரும்பு அரிக்கும்போது பி.எச். ஏறும், ஏறினால் சுண்ணாம்புப் படிவு இறங்கும். அது படுகை முழுக்கப் பரவாமல், தண்ணீர் நுழையும் முதல் பத்து செ.மீ.-இலேயே குவியும். ஆகவே நுழைவாயிலில் ஜல்லியோடு பத்தில் ஒரு பங்கு மட்டும் இரும்பு கலந்த தனி அடுக்கு வைத்து, அதை மட்டும் கழற்றி மாற்றும்படி கட்டிவிட்டால் மொத்தப் படுகையையும் காப்பாற்றலாம். மூன்றாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. குரோமியமும் இரும்பும் சேர்ந்த ஹைட்ராக்சைடு, இரும்பின் மேலேயே மெல்லிய தோலாகப் படிந்து எலெக்ட்ரான் வெளியே வராமல் அடைத்துவிடும். ஒரு கிராம் இரும்பு கிட்டத்தட்ட ஒரு கிராம் குரோமியத்தைப் பிடிக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. நடுநிலைத் தண்ணீரில் சாதாரணச் சீவல் பிடிப்பது ஒரு கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். மீதி இரும்பு தோலுக்குள்ளே பயனில்லாமல் கிடக்கும்.

இந்தத் தோலை உடைக்கத்தான் இரும்பை மாற்றியமைக்கும் வழிகள் வந்தன.

எளியது மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். கழுவிய சீவல் 100 கிராமுக்கு 2 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரில் கரைத்து ஊற்றிக் கிளறினால் சில நிமிடத்தில் நீலம் மறையும், சீவலின் மேல் செம்பு நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அரை சதவீதச் செம்பு ஏறியிருக்கும். செம்பு உள்ள இடம் ஒரு முனை, இரும்பு மறுமுனை என்று ஆயிரம் குட்டி மின்கலங்கள் உண்டாகி, வேகம் கூடும். புள்ளியாக இருக்கும்வரைதான் நன்மை. ஆசைப்பட்டு மயில்துத்தத்தைப் பத்து மடங்காக்கினால் செம்பு முழுப் போர்வையாகி இரும்பை மூடும், பிறகு உரிந்து தண்ணீரோடு போகும். மூன்று முறை அலசியபின், வெளிவரும் நீரில் செம்பையும் சோதிக்க வேண்டும்.

கந்தகம் ஏற்றுவது கடந்த சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதிகம் பேசும் முறை. இரும்புத் தூளின் மேல் இரும்பு சல்ஃபைடு மெல்லிய படலமாக ஏறும். இரும்பின் பெரிய ஊதாரித்தனம், எலெக்ட்ரான்களைத் தண்ணீருக்கே கொடுத்து ஹைட்ரஜனாக வீணடிப்பது. சல்ஃபைடுப் படலம் தண்ணீரைத் தள்ளி நிறுத்தி, எலெக்ட்ரானை மட்டும் கடத்தும். நூறு இரும்பு அணுவுக்கு ஐந்திலிருந்து பத்து கந்தக அணு என்ற விகிதம் வழக்கம். தூள் கந்தகத்தோடு பந்து ஆலையில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் எந்திரம்) உலர்வாக அரைத்தும் ஏற்றலாம். சோடியம் சல்ஃபைடு கரைசலில் ஊற வைக்கும் முறையில் அந்தக் கரைசல் மேல் அமிலம் பட்டால் அழுகிய முட்டை வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். ஆய்வகத்துக்கு வெளியே இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நானோ இரும்பைப் பற்றியும் அதையே சொல்வேன். ஃபெரஸ் உப்பில் சோடியம் போரோஹைட்ரைடு சொட்டினால் கறுப்பு மை போல இறங்கும், கிராமுக்கு முப்பது சதுர மீட்டர் பரப்பு இருக்கும், வேகம் அபாரம். உலர்ந்தால் காற்றில் பற்றிக்கொள்ளும், துகள்கள் ஒன்றோடொன்று காந்தம் போல ஒட்டிக் கட்டியாகும், போரோஹைட்ரைடின் விலையோ கிராமத்துத் தொட்டிக்குக் கட்டுப்படியாகாது.

நம் ஊருக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பது கரியில் ஏற்றிய இரும்பு. சீமைக்கருவேலக் கரிக்கா பஞ்சம்? ஒன்றிரண்டு மி.மீ. அளவுக்கு உடைத்துக் கழுவிய கரி 100 கிராமுக்கு, 97 கிராம் ஃபெரிக் குளோரைடு படிகம் கரைத்த நீர். அதில் 20 கிராம் இரும்பு இருக்கும். ஒரு இரவு ஊறி, உலர்ந்தபின், காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் சுட வேண்டும். 500, 600 டிகிரியில் கிடைப்பது பெரும்பாலும் காந்த ஆக்சைடு. 800-க்குப் பக்கத்தில் போனால்தான் கரி இரும்பின் ஆக்சிஜனைப் பறித்து உலோகமாக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டும் காந்தத்தில் ஒட்டும். பிரித்தறிய, ஒரு சிட்டிகை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டுப் பார்க்கலாம். நுரைத்துக் குமிழி வந்தால் உலோகம். கழுவாத கரியின் சாம்பலும் நுரைக்கும் என்பதால்தான் முன்பே கழுவச் சொன்னேன். சூளையிலிருந்து முதலில் அமிலப் புகை வரும், முழுக்க ஆறும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது.

இந்தப் பொருள்களை விற்பவர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் கொடுக்கும் "கிராமுக்கு இத்தனை மில்லிகிராம்" எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில், பி.எச். இரண்டு மூன்றில், லிட்டருக்கு ஐம்பது நூறு மி.கி. குரோமியம் போட்டு, குடுவையில் குலுக்கி எடுத்தது. கிணற்றில் பி.எச். ஏழரை, குரோமியம் இரண்டு மி.கி., கூடவே சல்பேட்டும் பைகார்பனேட்டும் சிலிக்காவும் இருக்கும். எண் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் வியப்பில்லை. உங்கள் கிணற்று நீரையே ஊற்றி, படுகையில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மற்ற உலோகங்களுக்கும் இரும்பு ஒரே மாதிரி வேலை செய்யாது. செம்பு, பாதரசம், ஈயம், நிக்கல் எல்லாம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை வாங்கும். இரும்பின் மேல் உலோகமாகவே படியும். காட்மியம் கிட்டத்தட்ட இரும்புக்குச் சமம், துத்தநாகம் அதற்கும் கீழே. இவை இரண்டும் துருவின் மேல் ஒட்டிக்கொள்வதோடு சரி, பி.எச். ஏழுக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடும். ஆர்சனிக்குக்கு உலோக இரும்பைவிடத் துருவே முக்கியம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப் குழு ஆர்சனிக்குக்கென உருவாக்கிய பொருளும் கைட்டோசானுக்குள் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) அடைத்த இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு என்ற துரு வகைதான். மணலில் துரு பூசும் எளிய முறையும் உண்டு: அமிலத்தில் கழுவிய மணல் 200 மி.லி.-க்கு 2 மோலார் ஃபெரிக் நைட்ரேட் 80 மி.லி., துளி காஸ்டிக் சோடா, 110 டிகிரியில் 14 மணி நேரம். பழுப்புப் புகை வரும், புகைக்கூண்டு வேண்டும்.

நிலத்தடி நீர் ஊடுருவிப் போகும்போதே சுத்தமாகும்படி, நிலத்துக்குள்ளேயே இரும்புத் துகள் நிரப்பிய சுவர் எழுப்பலாமே என்ற கேள்வி ராணிப்பேட்டையில் இயல்பாக எழும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் 1996-இல் குரோமியத்துக்கும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானுக்கும் சேர்த்து அப்படி ஒரு சுவர் போட்டார்கள்: 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 60 செ.மீ. தடிமன். தடிமன் கணக்கும் புரியக்கூடியதுதான். நிலத்தடி நீர் நாளுக்கு 10 செ.மீ. நகர்ந்து, மூன்று நாள் தொடர்பு வேண்டுமென்றால் 30 செ.மீ.; பாதுகாப்புக்கு இரட்டிப்பு. அது கடலோர மணற்பாங்கு. நம் பக்கம் சில மீட்டர் மண்ணுக்குக் கீழே பாறை, அதில் விரிசல். நீர் விரிசல் வழியாகச் சுவருக்கு அடியில் புகுந்து போகும். பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடினால் ஓட்டத்தின் திசையே மாறும். விரிசல்களை அளந்து வரைபடம் போடாமல் இங்கே சுவர் கட்டுவது பணத்தைப் புதைப்பது. இறைத்து, மேலே சுத்தம் செய்வதே நம் பாறைக்கு ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. கசட்டுக் குவியல் மேலேயே அன்னபேதிக் கரைசலைத் தெளிப்பதும் ஏமாற்றும். சுண்ணாம்பு சேர்த்து வறுத்த கசட்டின் பி.எச். 11, 12 இருக்கும். இரும்பு மேற்பரப்பிலேயே படிந்துவிடும், மணிகளுக்குள் இருக்கும் குரோமியம்-6 மாதக்கணக்கில் பின்னால் கசிந்துகொண்டே வரும். அன்னபேதியின் சல்பேட் உள்ளே போய்க் கசட்டை வீங்கவும் வைக்கும்.

இனி பூட்டு திறக்கும் வழிகள். குரோமியம்-3 மண்ணில் மாங்கனீசு ஆக்சைடைத் தொட்டால் மெல்ல மெல்ல ஆறாகத் திரும்பும். சேற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காற்றில் எரித்தால் வேகமாகத் திரும்பும். டேனரிச் சேற்றையும் தோல் துணுக்குகளையும் கொளுத்தக் கூடாது என்பது இதனால்தான். ஊராட்சித் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரும் அதையே செய்யும். வடிகட்டியைத் தாண்டி நுண்ணிய குரோமியம்-3 வந்திருந்தால், டைஃபினைல் சோதனை அப்போது சைபர் காட்டும். குளோரின் போட்டு ஒரு நாள் நின்ற தண்ணீரில் மறுபடி ரோஜா நிறம் எழும். ஆகவே குளோரின் போடும் முன் மொத்தக் குரோமியத்தையும், போட்டு 24 மணி நேரம் கழித்துக் குரோமியம்-6-ஐயும் ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் 0.05-க்குள் வராத தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

தீர்ந்த சீவலும் சேறும் அபாயக் கழிவு. பழைய இரும்புக் கடைக்குப் போனால் உருக்கு உலைக்குப் போய்விடும், ஆற்றில் கொட்டினால் திரும்ப நம் கிணற்றுக்கே வரும். தண்ணீர் வடிய விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பீப்பாயில் அடைத்து, எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை கிலோ என்று எழுதி ஒட்டி, கூரைக்கு அடியில், தரையைத் தொடாத மரச்சட்டத்தின் மேல் வைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயக் கழிவு நிலநிரப்பிடத்துக்கு அது போகும். ஏற்றிச் செல்லும் வண்டிச் செலவையும் அங்கே டன்னுக்கு வாங்கும் கட்டணத்தையும் முதல் நாள் சீவல் வாங்கும் முன்பே திட்ட மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள்.